கீழ்பென்னாத்தூர் சாலையில் விழுந்த தராசு

போன மாதம் திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில், புதிதாக வேலைக்குச் சேர்ந்த சுகாதாரக் களப்பணியாளர்களுக்கு ஒரு நாள் பயிற்சி நடந்தது. ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆன என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பேசி முடித்ததும் ஒரு பெண் எழுந்தாள். "மேடம், ஒரு ஆராய்ச்சியில புள்ளியியல் முக்கியத்துவம் இருக்குன்னு வந்துட்டா, அந்த மருந்து வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்?"

"இல்லம்மா" என்றேன்.

"அப்ப வேற இன்னா மேடம் அர்த்தம்?"

மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. எல்லோருக்கும் பசி. அரைகுறையாக ஏதோ சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதற்கு முழுப் பதில் எனக்குத் தெரியும். ஆனால் அதை நான் எந்தப் பாடத்திலும் படிக்கவில்லை. ஒரு தராசைக் கீழே போட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

எழுபதுகளின் பின்பாதி அது. திருவண்ணாமலை அப்போது வட ஆற்காடு மாவட்டத்தில் ஒரு தாலுகா. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த எனக்கு, ஒரு குழந்தைகள் ஆராய்ச்சித் திட்டத்தில் தற்காலிகக் களப்பணியாளர் வேலை கிடைத்தது. பெரிய கோயிலுக்குப் பின்புறத் தெருவில் இரண்டு அறை கொண்ட ஒரு மாடிதான் அலுவலகம். மூன்று வாரப் பயிற்சி. குழந்தையை எப்படித் தூக்குவது, எப்படி எடை பார்ப்பது, எழுதியதை ஏன் ரப்பரால் அழிக்கக் கூடாது, இவ்வளவுதான். நான்காவது வாரம் தோளில் பையை மாட்டி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

என்னோடு வேலை செய்தவர் முனிரத்தினம். என்னைவிட நாலைந்து வயது பெரியவர், சிரித்த முகம், சைக்கிளை விட்டால் வேறு எதிலும் ஏற மாட்டார். எங்கள் இருவருக்கும் மேலே டாக்டர் தேவகி.

டாக்டரம்மா 'நல்லா செஞ்சீங்க' என்று யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. திட்டியும் கேட்டதில்லை. அவரிடம் மூன்று கேள்விகள் உண்டு. எதைக் கொண்டுபோய்ச் சொன்னாலும் அந்த மூன்றும் வரிசையாக வரும். "எப்படித் தெரியும்? வேற எதனாலயாவது இருக்கலாமா? இதுல யாரை விட்டுட்டோம்?" சாயந்திரம் மழை வரும்போல இருக்கிறது என்று சொல்லக்கூட முனிரத்தினம் பயப்படுவார்.

சனிக்கிழமை மதியங்களில் எங்களை உட்காரவைத்து, தபாலில் வரும் மருத்துவப் பத்திரிகைகளிலிருந்து ஒரு கட்டுரையைத் தமிழில் சொல்லிக்காட்டுவார். முதலில் கட்டுரையின் சுருக்கத்தையும் முடிவையும் ஒரு பழுப்பு உறையால் மூடிவிடுவார். யாரைச் சேர்த்தார்கள், எப்படிப் பிரித்தார்கள், யார் அளந்தார்கள், நடுவில் எத்தனை பேர் காணாமல் போனார்கள் என்று மட்டும் படிப்பார். பிறகு எங்களைப் பார்த்து, "இப்படிச் செஞ்சா வர்ற முடிவை நீங்க நம்புவீங்களா?" என்று கேட்பார். நாங்கள் ஏதாவது சொன்ன பிறகுதான் உறை விலகும். "முடிவை முதல்ல படிச்சுட்டா, அப்புறம் படிக்கிறதெல்லாம் அதுக்குச் சாட்சியாத்தான் தெரியும்" என்பார்.

ஒரு சனிக்கிழமை இருபது பத்துப் பைசா நாணயங்களை ஒரு சொம்பில் போட்டுக் குலுக்கச் சொன்னார். கவிழ்த்து, எத்தனை தலை, எத்தனை பூ என்று எழுத வேண்டும். பத்துக்குப் பத்து, பதினொன்றுக்கு ஒன்பது, பன்னிரண்டுக்கு எட்டு என்றே வந்துகொண்டிருந்தது. பதினைந்தோ அதற்கு மேலோ ஒரே பக்கமாக விழுவது அபூர்வம். இருபது தடவை குலுக்கினால் ஒரு தடவை வந்தால் உண்டு. "எல்லாம் தற்செயலா நடந்தா இப்படிச் சாயறது இவ்ளோ அபூர்வம். அதனால இப்படிச் சாஞ்சா, தற்செயல்னு சொல்லிட்டுச் சும்மா இருக்க முடியாது. கட்டுரையில முக்கியத்துவம்னு எழுதறாங்களே, அது இதுதான். இதுக்கு மேல அதுல ஒண்ணும் இல்ல" என்றார்.

முனிரத்தினத்துக்கு விளையாட்டுப் புத்தி. மறுவாரம் வீட்டிலிருந்து ஒரு பக்கம் உரைத்த புளியங்கொட்டைகள் இருபது கொண்டுவந்து சொம்பில் போட்டார். குலுக்கியபோதெல்லாம் கறுப்புப் பக்கமே மேலே விழுந்தது. பதினாறு, பதினேழு. "டாக்டரம்மா, இன்னிக்கு எனக்கு அதிர்ஷ்டம் ஜாஸ்திங்க!" என்றார்.

டாக்டரம்மா ஒரு கொட்டையை எடுத்துப் பார்த்தார். முதல் தடவையாக அவர் சிரித்ததைப் பார்த்தேன். "தற்செயல் இல்லன்னு மட்டும் கணக்கு சொல்லும் முனிரத்தினம். யாரு உரைச்சாங்கன்னு சொல்லாது. அதை நாமதான் தேடிக் கண்டுபிடிக்கணும்."

அதை என் நோட்டில் எழுதிக்கூட வைத்தேன். எழுதி வைப்பதும் புரிந்துகொள்வதும் வேறு வேறு என்று அப்போது தெரியவில்லை.

எங்கள் ஆராய்ச்சி இதுதான். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குக் குடற்புழு மருந்து கொடுத்தால் எடை கூடுகிறதா என்று பார்க்க வேண்டும். எட்டு ஊர்கள். சீட்டுப் போட்டு நாலு ஊருக்குச் சிவப்புத் தாள் ஒட்டிய பாட்டில், நாலு ஊருக்கு நீலத் தாள் ஒட்டிய பாட்டில். ஒன்றில் மருந்து, இன்னொன்றில் வெறும் இனிப்புப் பாகு. எது எதில் என்று எங்களுக்கும் தெரியாது, டாக்டரம்மாவுக்கும் தெரியாது. அந்த விவரம் மெட்ராஸில் திட்ட இயக்குநரின் பெட்டியில் ஒட்டிய உறைக்குள் இருந்தது. ஆரம்பத்தில் ஒரு தடவை எடை, ஆறு மாதம் கழித்து ஒரு தடவை எடை. எனக்கு இரண்டு சிவப்பு ஊர், இரண்டு நீல ஊர். முனிரத்தினத்துக்கும் அப்படியே.

ஆளுக்கொரு தொங்கு தராசு. கடிகாரம்போல வட்ட முகம், உள்ளே ஸ்பிரிங். வேப்பங்கிளையிலோ வீட்டு உத்தரத்திலோ மாட்டி, துணித் தூளியில் பிள்ளையை வைத்தால் முள் நகரும். தராசோடு ஐந்து கிலோ இரும்பு எடைக்கல் ஒன்றும் கொடுத்திருந்தார்கள். தினமும் வேலை தொடங்கும் முன் அந்தக் கல்லை மாட்டி, முள் சரியாக ஐந்தில் நிற்கிறதா என்று பார்த்து, நோட்டில் 'கல் சரி' என்று எழுத வேண்டும். டாக்டரம்மா இதில் மட்டும் மிகக் கண்டிப்பு.

முதல் எடை ஒழுங்காக நடந்தது. இரண்டாவது எடைக்கு நாள் வந்தபோது டாக்டரம்மா ஒரு மாதம் மெட்ராஸில் இருக்க வேண்டியதாயிற்று. நானும் முனிரத்தினமும் பேசி ஊர்களை மாற்றிக்கொண்டோம். அடி அண்ணாமலைப் பக்கத்து ஊர்கள் அவருக்குச் சைக்கிளில் சுலபம். செஞ்சி ரோட்டில் கீழ்பென்னாத்தூரைச் சுற்றியிருந்த ஊர்கள் எனக்குப் பஸ்ஸில் சுலபம். சீட்டு விழுந்த விதத்தில் ரோட்டோர ஊர்கள் நாலும் நீலம். இப்போது நீலமெல்லாம் என் கையில், சிவப்பெல்லாம் அவர் கையில். அதில் ஒரு தப்பு இருப்பதாக எங்களுக்குத் தோன்றவே இல்லை.

முதல் நாளே கீழ்பென்னாத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது பை தோளிலிருந்து நழுவி, தராசு கருங்கல்லில் போய் விழுந்தது. கண்ணாடி உடையவில்லை. முள் மட்டும் பூஜ்யத்தைத் தாண்டி நின்றது. தலைப்பக்கத்தில் ஒரு திருகு உண்டு. அதைத் திருப்பினேன், முள் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. சரியாகிவிட்டது என்று நிம்மதியாக நடந்தேன்.

கல்லை மாட்டிப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கல் என்னிடம் இல்லை. ஐந்து கிலோ இரும்பைச் சுமந்துகொண்டு வரப்பில் நடக்க முடியாமல், இரண்டாவது எடைக்குக் கிளம்பும்போதே அதை அலுவலகத்து மேஜைக்குக் கீழே விட்டுவிட்டேன். நோட்டில் மட்டும் தினமும் 'கல் சரி' என்று எழுதினேன். நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல் கழித்து இதை எழுதும்போதும் கை கொஞ்சம் தயங்குகிறது.

அந்த வாரம் ஒரு ஊரில் பச்சையம்மாள் என்றொரு அம்மாள் தன் பையன் ஏழுமலையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலை பிடுங்கும் சமயம், நிலத்திலிருந்து நேராக வந்திருந்தாள், கையெல்லாம் மண். பையனுக்கு இரண்டு வயது முடிந்திருந்தது. தூளியில் வைத்தேன். போன தடவையைவிட எடை கூடியிருந்தது. "புள்ள ஏறியிருக்கான்க்கா" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "ஏறியிருக்கானா? அம்மை போட்டு எழுந்ததுலேர்ந்து ஒரு வாய் சோறு உள்ள எறங்கல. அரைஞாண் கயிறு கழண்டு விழுது. இந்த எலும்பைப் பாத்துமா ஏறியிருக்கான்னு சொல்ற?"

"தராசு அப்படித்தான்க்கா காட்டுது."

"அப்ப உன் தராசுக்குத்தான் கண்ணு அவிஞ்சு போச்சு" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போனாள். படிக்காத அம்மாள், கோபத்தில் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். முள் காட்டியதை எழுதினேன்.

கணக்கெல்லாம் மெட்ராஸுக்குப் போய், இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தது. உறையைத் திறந்திருந்தார்கள். நீலம்தான் மருந்து. நீல ஊர்ப் பிள்ளைகள் சிவப்பு ஊர்ப் பிள்ளைகளைவிட நிறையவே எடை கூடியிருந்தார்கள். தற்செயல் என்று சொல்ல இடமே இல்லாத அளவு வித்தியாசம். இயக்குநர் எழுதிய கடிதத்தில் சந்தோஷம் பொங்கியது. கட்டுரை தயாராகிறது, திட்டத்தை இன்னும் மூன்று வருடம் நீட்டிக்கக் கேட்கப் போகிறோம் என்று எழுதியிருந்தார். முனிரத்தினம் கடைத் தெருவுக்கு ஓடிப்போய் ஜாங்கிரி வாங்கி வந்தார்.

டாக்டரம்மா ஜாங்கிரியைத் தொடவில்லை. ஊர்வாரியான பட்டியலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "மருந்து இவ்ளோ வேலை செய்யுமா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "வேற எதனாலயாவது இருக்கலாமா?" என்றார். முனிரத்தினம் இல்லை என்று தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

ஆட்டும்போதே பச்சையம்மாளின் முகம் வந்து நின்றது. பட்டியலில் ஏழுமலையின் எண்ணைத் தேடினேன். எடை கூடிய பிள்ளைகளில் அவனும் ஒருவன். அந்த எலும்பும் தோலுமான பிள்ளை மருந்தின் வெற்றிக்கு ஒரு சாட்சியாக அந்தத் தாளில் இருந்தான். நீல ஊர் நாலும் என்னுடையவை. நான் அளந்தது விழுந்த தராசில்.

என்னுடையது தற்காலிக வேலை. சொன்னால் வேலை போகும், அது நிச்சயம் என்றே நினைத்தேன். வீட்டில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாத நேரம். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை, அதுவும் நிச்சயம். மூன்று மணி வாக்கில் எழுந்து டாக்டரம்மாவின் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"டாக்டரம்மா, தராசு கீழ விழுந்துடுச்சுங்க. ரெண்டாவது எடை பாக்கப் போன முதல் நாளே. நான் சொல்லல. கல்லும் மாட்டிப் பாக்கல. மாட்டினதா எழுதிட்டேன்."

அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். "எந்த நாள் விழுந்தது? அதுக்கப்புறம் எந்தெந்த ஊர் பாத்தீங்க? வரிசையா சொல்லுங்க." நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். ஏன் செய்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழுதி முடித்ததும், "தராசை எடுங்க. கடை மூடறதுக்குள்ள போவோம்" என்றார்.

தேரடிக்குப் பக்கத்தில் கரீம் பாய் கடை. ஊரில் உள்ள தானியக் கடை, நகைக் கடைத் தராசெல்லாம் அவர் கைக்குத்தான் பழுதுக்கு வரும். மூன்று தலைமுறையாக அதே தொழில். முத்திரை குத்திய கற்களை ஒவ்வொன்றாக மாட்டினார். ஐந்து கிலோவுக்கு முள் ஐந்தைத் தாண்டியது. எட்டுக்கு இன்னும் தாண்டியது. பத்துக்கு இன்னும்.

"ஸ்பிரிங் இளகிடுச்சும்மா. உள்ள பல்லும் தேஞ்சு போயிருக்கு" என்றார். "எடை ஏற ஏற தப்பும் ஜாஸ்தியாவுது பாருங்க."

"இவ்ளோன்னு கழிச்சுக்க முடியாதா பாய்?" என்று நான் கேட்டேன். என் குரல் எனக்கே கெஞ்சலாகக் கேட்டது.

"இன்னிக்கு இவ்ளோ காட்டுது. அன்னிக்கு எவ்ளோ காட்டிச்சுன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார் கரீம் பாய். டாக்டரம்மா அவரைத் திரும்பிப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. தன் சனிக்கிழமை வகுப்புக்கு ஆள் கிடைத்துவிட்டது என்பதுபோல.

அடுத்த வாரம் மெட்ராஸிலிருந்து இயக்குநரே வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் அன்று பொறுமை இழந்திருந்தார். "இவ்வளவு தெளிவான வித்தியாசம். முக்கியத்துவம் சந்தேகத்துக்கு இடமில்லாம வந்திருக்கு. ஒரு தராசுக்காக எல்லாத்தையும் தூக்கிப் போடச் சொல்றீங்களா?" என்றார்.

"வித்தியாசம் தெளிவா இருக்கு சார். நான் இல்லன்னு சொல்லல" என்றார் டாக்டரம்மா. "ஆனா அது மருந்தோடதா, தராசோடதான்னு கணக்குக்குத் தெரியாது. நீலத்துக்கு ஒரு தராசு, சிவப்புக்கு ஒரு தராசு. திரும்ப எடை பாக்கறேன். எட்டு ஊரும். எனக்கு ரெண்டு வாரம் கொடுங்க."

"திரும்பப் பாத்து ஒண்ணும் இல்லன்னு வந்தா?"

"ஒண்ணும் இல்லன்னு எழுதுவோம் சார்."

அந்த இரண்டு வாரம் டாக்டரம்மாவும் எங்களோடு வரப்பில் நடந்தார். புதுத் தராசு ஒன்று, எல்லா ஊருக்கும் அதே ஒன்று. கல்லை நானே சுமந்தேன், யாரும் சொல்லாமலே. ஒவ்வொரு ஊரிலும் மூன்று பேரும் பார்க்க மாட்டினோம், மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம்.

பச்சையம்மாள் முதலில் பிள்ளையைக் கொடுக்க மாட்டேன் என்றாள். நான் அவள் முன்னால் போய் நின்று, "நீங்க சொன்னதுதான்க்கா சரி. என் தராசுதான் கெட்டுப் போயிருந்தது" என்றேன். அவள் பையனை நீட்டினாள். முள் நின்றதும் நோட்டைத் திருப்பிப் பழைய எடையைப் பார்த்தேன். எட்டொன்பது மாதத்துக்கு முன்னால் முதல் தடவை பார்த்த எடைகூட இல்லை. டாக்டரம்மா அங்கேயே அவனை மடியில் போட்டுக் கழுத்தைத் தடவினார், நெஞ்சில் காதுக்குழாய் வைத்தார். "எத்தனை நாளா சாயந்திரத்துல உடம்பு சுடுது?" என்று கேட்டார்.

"ரெண்டு மூணு மாசமா சுடுதுங்க. சொன்னா யாரு கேக்கறாங்க?"

அன்றே எங்களோடு பஸ்ஸில் அழைத்துவந்து பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். பிரைமரி காம்ப்ளெக்ஸ், பிள்ளைகளுக்கு வரும் காசநோய். அந்தக் காலத்தில் ஒரு வருடத்துக்கு மேல் ஊசியும் மாத்திரையும். இன்னும் சில மாதம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை. எடை கூடியிருக்கிறது என்று நான் எழுதிய அந்த ஒரு எண், அவனை யாரும் திரும்பிப் பார்க்காமல் செய்திருந்தது.

புது எடைகளைக் கணக்குப் போட்டபோது சிவப்புக்கும் நீலத்துக்கும் கொஞ்சம்தான் வித்தியாசம் இருந்தது. சொம்பில் நாணயத்தைக் குலுக்கினால் அடிக்கடி வருகிற அளவு வித்தியாசம். "அப்ப மருந்து வேலை செய்யலீங்களா?" என்று முனிரத்தினம் கேட்டார். "அப்படியும் சொல்ல முடியாது. செய்யுதுன்னு சொல்ல நம்மகிட்ட ஆதாரம் இல்ல. அது வேற, செய்யலன்னு சொல்றது வேற" என்றார் டாக்டரம்மா. புழு இருந்த பிள்ளைகளுக்கு எந்த ஊராக இருந்தாலும் மருந்து கொடுக்கச் சொன்னார். அறிக்கையில் தராசு விழுந்ததையும், கல் மாட்டாததையும், ஊர்களை மாற்றிக்கொண்டதையும் மறைக்காமல் எழுதினார். என் பெயர் மட்டும் அதில் இல்லை. 'களப்பணியாளர் ஒருவர் தாமாகவே முன்வந்து தெரிவித்தார்' என்று இருந்தது.

திட்டம் நீட்டிக்கப்படவில்லை. அலுவலகத்தை மூடும் வாரத்தில், காகிதங்களை மூட்டை கட்டிக்கொண்டிருக்கும்போது, தைரியத்தை வரவழைத்துக் கேட்டுவிட்டேன். "என்னை ஏன் டாக்டரம்மா வேலையை விட்டு அனுப்பல?"

கட்டிய கயிற்றை இறுக்கிக்கொண்டே சொன்னார். "அனுப்பலாம்னுதான் முதல்ல நெனச்சேன். அனுப்பியிருந்தா அடுத்த தடவை தராசு விழும்போது எங்கிட்ட யார் வந்து சொல்லுவாங்க?"

அவர் எழுதிக் கொடுத்த கடிதத்தோடுதான் அரசுச் சுகாதாரத் துறையில் எனக்கு நிரந்தர வேலை கிடைத்தது. எண்பதுகள் முழுவதும் இதே ஊர்களில்தான் சுற்றினேன். பிறகு என் கீழும் ஆட்கள் வேலை பார்த்தார்கள், அவர்களும் கருவிகளைக் கீழே போட்டார்கள், வந்து சொன்னார்கள். யார்மீதும் நான் கோபப்பட்டதில்லை. கோபப்பட எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றியதில்லை. டாக்டரம்மாவுக்கும், பார்த்ததைப் பார்த்தபடி சொன்ன பச்சையம்மாளுக்கும், கழித்துக்கொள்ள முடியாது என்ற கரீம் பாய்க்கும் நான் பட்டிருக்கும் நன்றிக்கடனைச் சொல்ல இத்தனை வருடம் ஆகிவிட்டது.

அந்தப் பயிற்சியில் கேள்வி கேட்ட பெண்ணுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். புது வேலையில் சேர்ந்த பிறகு, ஏழுமலைக்கு மாத்திரை முடிகிற சமயத்தில், அவன் ஊருக்கு எடை பார்க்கப் போனேன். மந்தைவெளியில் ஓடிக்கொண்டிருந்தவனைப் பச்சையம்மாள் பிடித்து இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். நன்றாகத் தேறியிருந்தான். கன்னம் உப்பியிருந்தது. நான் வேப்பங்கிளையில் தராசை மாட்டிவிட்டுக் கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

"மொதல்ல அந்தக் கல்லை மாட்டு" என்றாள்.

மாட்டினேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஐந்து என்கிற எண் எது என்று என்னைக் கேட்டுக்கொண்டு, குனிந்து, முள் அதில்தான் நிற்கிறதா என்று நன்றாகப் பார்த்தாள். பிறகுதான் பிள்ளையைத் தூளியில் வைத்தாள்.